லேப்டாப் சூடாகிறது, மெதுவாகிறது: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது

"ரொம்ப ஸ்லோவா இருக்கு, கையே வைக்க முடியல, அவ்வளவு சூடு" என்று லேப்டாப்பைக் கொண்டுவருபவர்களில் பலர், வருவதற்கு முன்பே ஒன்று விண்டோஸை ஃபார்மேட் செய்திருப்பார்கள், இல்லையென்றால் ரேம் வாங்கிப் போட்டிருப்பார்கள். சிலருக்கு அது பலித்துவிடும். மற்றவர்களுக்குப் பணமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போனதுதான் மிச்சம். சூடு அப்படியே இருக்கும்.

காரணம், மூன்று வேறு வேறு கோளாறுகள் வெளியே ஒரே மாதிரி தெரிகின்றன. சூடு தாங்காமல் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்வது ஒன்று. பின்னணியில் ஏதோ ஒரு புரோகிராம் ஓயாமல் ஓடி, சூட்டையும் தாமதத்தையும் சேர்த்தே உண்டாக்குவது இன்னொன்று. மூன்றாவதில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை: ஹார்ட் டிஸ்க் தேய்ந்ததால் மெதுவாக இருக்கும், ஃபேனில் தூசி அடைத்ததால் சூடாக இருக்கும். எது என்று அளந்து பார்க்காமல் கைவைத்தால் குருட்டாம்போக்குதான். கீழே உள்ள வரிசையில் செலவில்லாததும், செய்ததை மாற்றிக்கொள்ளக் கூடியதும் முதலில் வரும். திறந்து பார்ப்பது அதற்கப்புறம். ஃபார்மேட் கடைசிக்கு அருகில்.

விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும், வாங்கி மூன்று நான்கு வருடம் தாண்டிய லேப்டாப்பை மனதில் வைத்து எழுதுகிறேன். டெஸ்க்டாப்புக்கு மாறுபடுவதை ஓரிடத்தில் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஸ்க்ரூ டிரைவரை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். எடுத்து வைத்தால் கை சும்மா இருக்காது.

வேண்டியவை இவ்வளவுதான்: உங்கள் ஃபைல்கள் எல்லாம் கொள்ளும் அளவுக்கு ஒரு எக்ஸ்டர்னல் டிரைவ், லேப்டாப்புடன் வந்த சார்ஜர், எண்களைக் குறித்து வைக்க ஒரு பேப்பர், மூன்று இலவச மென்பொருள்கள். ஹெச்.டபிள்யூ இன்ஃபோ வெப்பத்தையும் பிராசஸர் வேகத்தையும் காட்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும். சினிபெஞ்ச் ஆர் 23 பிராசஸருக்கு வேலை கொடுத்துப் பார்க்கும். மூன்றையும் அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடும்போது மேலே வரும் விளம்பர லிங்க்கை அழுத்தி, வேண்டாத இன்னும் நான்கு புரோகிராம்களை உள்ளே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: பிட்லாக்கர் சாவி. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்கள் கேட்காமலேயே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் ஓடும் அடிப்படை அமைப்பில்) எதையாவது மாற்றினாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினாலோ, 48 இலக்கச் சாவியைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று இப்போதே பார்த்து எழுதி வையுங்கள். சாவி இல்லையென்றால் ஃபைல்கள் போனது போனதுதான். எந்தக் கடைக்காரராலும் திறந்து தர முடியாது.

## 2. ஃபைல்களைக் காப்பாற்றிவிட்டு டிஸ்க்கைப் பாருங்கள்

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அடுத்து வரும் சோதனைகள் மெஷினுக்கு வேலை கொடுப்பவை. டிஸ்க் கடைசி மூச்சில் இருந்தால், அந்த வேலையே அதை முடித்துவிடும்.

போட்டோ, ஆபீஸ் ஃபைல், டாலி டேட்டா, வங்கி ஆவணம் என்று திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் காப்பி செய்யுங்கள். படமும் பாட்டும் அப்புறம். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். முக்கியமானவை அங்கேதான் கிடக்கும்.

பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறங்கள். நீலம் என்றால் பரவாயில்லை, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. பழைய வகை ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் மூன்று வரிகள் முக்கியம்: ரீஅலோகேட்டட் செக்டார்ஸ், கரன்ட் பெண்டிங் செக்டார்ஸ், அன்கரெக்டபிள் செக்டார்ஸ். இந்த மூன்று வரிகளிலும் கடைசி நெடுவரிசையில் உள்ள மதிப்பு முழுவதும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பெண்டிங் வரியில் எண் இருந்தால், படிக்க முடியாமல் திணறும் இடங்கள் டிஸ்க்கில் இருக்கின்றன என்று பொருள். அப்படியானால் இந்த வழிகாட்டியின் பாதியை விட்டுவிட்டு, நேராக எட்டாவது பகுதிக்குப் போய்விடலாம்.

புதியவர்கள் இங்கே செய்யும் பெரிய தவறு, காப்பி எடுக்கும் முன்பே விண்டோஸின் செக் டிஸ்க்கை ஓட்டுவது. சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது முழுக்க உழுது பார்க்கும். காப்பியை எடுத்து முடித்த பிறகுதான் ரிப்பேர்.

## 3. ரீஸ்டார்ட் செய்துவிட்டு, சும்மா இருக்கும்போது அளவெடுங்கள்

"தினமும் ஷட்டவுன் செய்கிறேனே" என்பார்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி பெரும்பாலும் இயங்கிக்கொண்டிருக்கும். அது இருக்கும்வரை ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல. விண்டோஸின் உட்பகுதி அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் திரும்ப எடுக்கப்படுகிறது. டாஸ்க் மேனேஜரில் அப் டைம் பல நாட்களாக ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் புரியும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். சிலருடைய பிரச்சினை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

ரீஸ்டார்ட் ஆனதும் பத்து நிமிடம் எதையும் திறக்காமல் விடுங்கள். விண்டோஸ் தன் காலை வேலைகளை முடித்துக்கொள்ளட்டும். ஆன் செய்த உடனே அளந்துவிட்டு, "பாருங்கள், 80 சதவீதம் காட்டுகிறது" என்று பதறுவதில் அர்த்தமில்லை.

பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் பிராசஸர், மெமரி, டிஸ்க் மூன்றின் சதவீதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிராசஸர் பக்கத்தில் பேஸ் ஸ்பீட், அதாவது அடிப்படை வேகம், என்றொரு எண் இருக்கும், அதையும் எழுதுங்கள். ஹெச்.டபிள்யூ இன்ஃபோவை சென்சார்கள் மட்டும் காட்டும்படி திறந்து, பிராசஸர் வெப்பத்தையும் எழுதுங்கள். அறையின் வெப்பத்தையும் சேர்த்து எழுதினால் நல்லது, ஏன் என்று ஐந்தாவது பகுதியில் வருகிறது.

சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி வரை இருந்தால் கவலை இல்லை. ஒன்றுமே செய்யாமல் 70 தாண்டினால், ஏதோ ஓடுகிறது அல்லது சூடு வெளியேறவில்லை.

## 4. வேலை கொடுத்து அளவெடுங்கள்

வண்டி நிற்கும்போது இன்ஜினைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஓட்டிப் பார்க்க வேண்டும். சினிபெஞ்ச் ஆர் 23 இதற்குப் போதும். பிராசஸரின் எல்லாக் கோர்களுக்கும் பத்து நிமிடம் தொடர்ந்து வேலை கொடுக்கும். தொடங்கும் முன் ஹெச்.டபிள்யூ இன்ஃபோவில் உள்ள கடிகார பட்டனை அழுத்தி, பழைய உச்ச அளவுகளை அழித்துவிடுங்கள். சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும். பேட்டரியில் ஓடினால் பல லேப்டாப்கள் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்.

முதல் அரை நிமிடத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். புதிய பிராசஸர்கள் டர்போவில் (கொஞ்ச நேரத்துக்குக் கூட்டிக்கொள்ளும் வேகம்) பாய்ந்து 90 டிகிரியைத் தொட்டுவிட்டு இறங்குவது அவற்றின் வழக்கம். ஐந்தாவது நிமிடத்துக்குப் பிறகு வெப்பமும் வேகமும் எங்கே நிலைக்கின்றன என்பதுதான் கேள்வி. விடை பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

வெப்பம் 95க்கு மேல் நிற்கிறது, வேகம் பேஸ் ஸ்பீடுக்கும் கீழே இறங்குகிறது, தெர்மல் த்ராட்லிங் என்ற வரியில் 'யெஸ்' என்று வருகிறது: சூடுதான் வேகத்தைப் பறிக்கிறது. இன்டெல்லின் பல லேப்டாப் பிராசஸர்களுக்கு எல்லை 100 டிகிரி, ஏ.எம்.டி.யில் மாடலைப் பொறுத்து 95 முதல் 105 வரை. எல்லையைத் தொட்டதும் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. ஃபார்மேட் செய்தாலும் ரேம் போட்டாலும் இது மாறாது. 5, 10, 11 பகுதிகள் உங்களுக்கு.

வெப்பம் 50, 60 டிகிரிதான். ஆனால் வேகம் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது: இது மின்சாரம் சம்பந்தப்பட்டது. ஆறாவது பகுதி.

வெப்பமும் வேகமும் சரியாக இருக்கின்றன, ஆனால் சாதாரண வேலையில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது: 8, 9 பகுதிகள்.

சும்மா இருக்கும்போதே பிராசஸர் 30, 40 சதவீதத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது: ஏழாவது பகுதி.

நடுவில் மெஷின் பட்டென்று அணைந்துவிட்டால் சோதனையைத் திரும்ப ஓட்டாதீர்கள். சூடு எல்லை மீறி பாதுகாப்புக்காக அணைந்திருக்கலாம். முதலில் ஃபேன் சுற்றுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள், வெளிக்காற்று வரும் இடத்தில் கையை வையுங்கள். காற்றே இல்லையென்றால் நேராக பத்தாவது பகுதி.

## 5. லேப்டாப் இருக்கும் இடம்

ஃபேன் என்பது அறைக் காற்றை எடுத்து உள்ளே அனுப்பும் கருவி, அவ்வளவுதான். ஏசி அல்ல. அறை 10 டிகிரி சூடானால், உள்ளேயும் ஏறக்குறைய அதே 10 டிகிரி கூடும். பல நிறுவனங்கள் லேப்டாப் இயங்கும் சூழலுக்கு உச்ச வரம்பாக 35 டிகிரியைத்தான் குறிப்பிடுகின்றன. மே மாதத்தில் வேலூரிலோ திருச்சியிலோ ஓட்டு வீட்டு அறையில் அந்த வரம்பு காலையிலேயே தாண்டிவிடும். டிசம்பரில் நன்றாக ஓடிய மெஷின் மே மாதத்தில் திணறினால் புதிதாக எதுவும் கெட்டுப்போனதாக எண்ண வேண்டியதில்லை. முன்பே பாதி அடைத்திருந்தது, கோடை வந்ததும் வெளியே தெரிகிறது.

பெரும்பாலான லேப்டாப்கள் அடிப்பக்கமிருந்து காற்றை இழுக்கின்றன. மெத்தை, தலையணை, மடியில் போட்ட போர்வை, மேசை விரிப்பு எல்லாமே அந்த வாயை அடைத்துவிடும். பின்பக்கத்தை ஒரு அங்குலம் தூக்கி, கெட்டியான பலகையில் வைத்து, நான்காவது பகுதியின் சோதனையை மீண்டும் ஓட்டுங்கள். வெப்பம் நன்றாக இறங்கினால் காற்றோட்டம்தான் பிரச்சினை. கூலிங் பேட் வாங்கும் முன் இதைச் செய்து பார்க்க வேண்டும். தூக்கி வைத்தும் இறங்காத மெஷினில் கூலிங் பேட் பெரிதாக எதையும் சாதிக்காது, ஏனென்றால் அடைப்பு உள்ளே இருக்கிறது.

சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கும் மெஷின், சாம்பிராணி போடும் அறையில் இருக்கும் மெஷின் இரண்டிலும் தூசி எண்ணெய்ப் பசையோடு ஒட்டிக்கொள்ளும். அது ஊதினால் போகாது. இதை நினைவில் வையுங்கள்.

ஃபிரிட்ஜில் வைப்பது, ஐஸ் பேக் ஒத்தடம் கொடுப்பது வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோர்க்கும்.

## 6. சார்ஜரும் பேட்டரியும்

இதைச் சர்வீஸ் கடைகளிலேயே சிலர் தவறவிடுகிறார்கள். சார்ஜர் எத்தனை வாட் என்று லேப்டாப் கேட்டுத் தெரிந்துகொள்ளும். டெல், ஹெச்.பி. போன்றவற்றின் உருளை வடிவ சார்ஜர் முனையில் நடுவே மெல்லிய ஊசி இருக்கும், அந்தத் தகவல் அதன் வழியாகத்தான் போகிறது. ஊசி வளைந்தாலோ, விலை குறைந்த மாற்றுச் சார்ஜர் போட்டாலோ, 65 வாட் தேவைப்படும் மெஷினுக்கு 45 வாட் கொடுத்தாலோ, லேப்டாப் பாதுகாப்புக்காகப் பிராசஸரை அடிமட்ட வேகத்துக்கு இறக்கிவிடும். மெஷின் குளிர்ச்சியாகவே இருக்கும், ஆனால் ஒரு பிரவுசர் திறக்க ஒரு யுகம் ஆகும்.

சோதிப்பது எளிது. சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். வேகம் சட்டென்று கூடினால் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். பல மெஷின்களில் பயாஸ் பக்கத்திலேயே சார்ஜரின் வாட் அளவு தெரியும். 'தெரியாத சார்ஜர்' என்ற பொருளில் அங்கே வந்தால் விடை கிடைத்துவிட்டது. கூடவே செட்டிங்ஸில் பவர் மோட் மின்சாரச் சிக்கனத்தில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேட்டரி உப்பியிருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். டச்பேட் அழுத்த முடியாமல் கெட்டியாவது, மூடி சரியாக மூடாதது, சமமான மேசையில் லேப்டாப் ஆடுவது ஆகியவை அதன் அறிகுறிகள். உப்பியிருந்தால் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். அழுத்துவது, குத்துவது, "கொஞ்ச நாள் ஓட்டலாம்" என்பது எல்லாம் தீயில் முடியலாம். பேட்டரியைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிவிட்டு மற்றதைப் பாருங்கள். பழையதைக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குபவரிடம் சேர்க்க வேண்டும்.

## 7. பின்னணியில் ஓடுபவை

டாஸ்க் மேனேஜரின் முதல் பக்கத்தில் பிராசஸர் நெடுவரிசையின் தலைப்பைக் கிளிக் செய்தால் அதிகம் தின்பவை மேலே வரும். மேலே இருக்கும் பெயரைக் கண்டதும் 'எண்ட் டாஸ்க்' கொடுக்கும் பழக்கம் வேண்டாம். பெயரைப் பார்த்து யோசியுங்கள்.

விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர் மேலே இருந்தால் அப்டேட் நடக்கிறது. பல மாதம் திறக்காமல் வைத்திருந்த லேப்டாப்பில் இது சில மணி நேரம்கூட ஓடும். சார்ஜரில் மாட்டி, ஓர் இரவு அப்படியே விடுங்கள். ஒவ்வொரு முறையும் நடுவில் அணைத்தால் ஒவ்வொரு முறையும் திரும்பத் தொடங்கும். பாதிப் பேருடைய 'எப்பவும் ஸ்லோ' என்ற புகார் இப்படி வந்ததுதான்.

இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். ஒரு ஃபைலைத் திறந்தால் இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு சோதிக்கும். வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும் என்பது என் கருத்து. வேகத்தைக் கூட்டுகிறேன், டிரைவரைப் புதுப்பிக்கிறேன் என்று விளம்பரம் செய்யும் பூஸ்டர் வகையறாக்களையும் நீக்குங்கள். அவையே எந்நேரமும் பின்னணியில் ஓடுபவை.

பிரவுசரில் ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால், குரோமில் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு தின்கிறது என்று தனியாகத் தெரியும். பெரும்பாலும் ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன்தான் குற்றவாளியாக இருக்கும்.

ஒரு விசித்திரமான அறிகுறி இருக்கிறது. ஃபேன் கத்திக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்த நொடியில் அடங்கும். மூடினால் திரும்பக் கத்தும். உங்கள் மெஷினில் யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டுகிறார்கள் என்று சந்தேகிக்கலாம். இந்த வகை மால்வேர்களில் சில, டாஸ்க் மேனேஜர் திறந்ததும் ஒளிந்துகொள்ளும். கிராக் செய்த மென்பொருள், கிராக் கேம் வழியாகத்தான் இவை அதிகம் வருகின்றன. டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் என்றொரு தேர்வு இருக்கிறது. விண்டோஸ் முழுதாகத் தொடங்கும் முன்பே அது சோதிப்பதால் ஒளிந்துகொள்ள வழியில்லை. ஓட்டிவிட்டு, அந்தக் கிராக்கையும் நீக்குங்கள்.

ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பட்டியலில் தெரிந்த பெயர்களை மட்டும் நிறுத்துங்கள்: மீட்டிங் ஆப், கேம் லாஞ்சர், பிரின்டர் உதவியாளர் போன்றவை. டச்பேட், ஆடியோ, கிராஃபிக்ஸ் சம்பந்தப்பட்டவற்றை விட்டுவிடலாம்.

## 8. டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால்

முதலில் மெமரியைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லக் கூடாது. ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கையே ரேமாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. ஒன்பதாவது பகுதிக்குப் போங்கள்.

மெமரியில் இடம் இருந்தும் டிஸ்க் 100 காட்டினால், அதே பக்கத்தில் எத்தனை எம்.பி. வேகத்தில் படிக்கிறது என்று பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது நொடிக்கு 100 எம்.பி. அளவுக்குத் தரும். ஆங்காங்கே சிதறிய சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி, டிஸ்க்கைப் படிக்கும் ஊசி அலையும்போது ஒன்றிரண்டு எம்.பி.க்கு விழுந்துவிடும். விண்டோஸ் கேட்பதோ பெரும்பாலும் இந்தச் சின்ன ஃபைல்களை. எனவே 100 சதவீதம், 2 எம்.பி. என்று காட்டுவது டிஸ்க் கெட்டதால் மட்டுமல்ல, அது ஹார்ட் டிஸ்க்காக இருப்பதாலும்தான்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யை, சாட்டா என்ற பழைய இணைப்பு வகையிலேயே மாற்றினாலும் நொடிக்கு 500 எம்.பி. அளவு கிடைக்கும், ஊசி அலைவதும் இல்லை. பழைய லேப்டாப்பில் செலவு செய்ய ஒரே ஒரு இடம்தான் உண்டு என்றால், நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் கவனியுங்கள்: இது மெதுவாக இருப்பதற்கு வைத்தியம், சூட்டுக்கு அல்ல.

வாங்கும் முன் லேப்டாப்பின் மாடல் எண்ணைக் கொண்டு எந்த வகை பொருந்தும் என்று உறுதிசெய்யுங்கள். எம்.2 வடிவத்தில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு வகை உண்டு. பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். பழைய போர்டுகளில் சில, சாட்டாவை மட்டும்தான் ஏற்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிவிட்டு, மாட்டும்போதுதான் இது தெரிந்து திரும்ப அலைபவர்கள் உண்டு.

பழைய டிஸ்க் நீலத்தில் இருந்தால் அப்படியே குளோன் செய்யலாம், அதாவது விண்டோஸோடு சேர்த்து முழு நகல் எடுக்கலாம். மஞ்சள் அல்லது சிவப்பு என்றால் குளோன் வேண்டாம், கெட்ட ஃபைலும் சேர்ந்து வரும். புதிதாக விண்டோஸ் போட்டு, காப்பி எடுத்த ஃபைல்களை மட்டும் கொண்டுவாருங்கள்.

ஏற்கெனவே எஸ்.எஸ்.டி. இருந்தும் மெதுவாக இருந்தால் எவ்வளவு இடம் காலி என்று பாருங்கள். விளிம்புவரை நிரம்பிய எஸ்.எஸ்.டி. எழுதும்போது திணறும். பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும்.

## 9. ரேம்

விண்டோஸ் 11க்கு 4 ஜி.பி. போதும் என்பது குறைந்தபட்சத் தகுதி மட்டுமே. பிரவுசரும் எக்செலும் வாட்ஸ்அப்பும் சேர்ந்தால் 8 ஜி.பி. வேண்டும்.

டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று இருக்கும். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 மூன்றிலும் வெட்டு இருக்கும் இடம் வேறு, ஒன்று இன்னொன்றில் நுழையாது. அழுத்தி நுழைக்கப் பார்க்காதீர்கள். மெலிதான லேப்டாப்கள் சிலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே கூட்ட வழியில்லை.

## 10. திறந்து தூசி எடுப்பது

நான்காவது பகுதியில் உங்கள் விடை 'சூடு' என்று வந்திருந்தால் மட்டும் இங்கே வாருங்கள். வாரன்டி இருக்கும் மெஷின் என்றால் நிறுவனத்தின் சர்வீஸுக்கே கொண்டுபோங்கள்.

திறக்கும் முன் உங்கள் மாடலைத் திறக்கும் வீடியோவை முழுதாக ஒரு முறை பாருங்கள். ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூ, டி.வி.டி. டிரைவைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ, மூடியோடு ஒட்டிவரும் கேபிள் எல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். ஒரு ஸ்க்ரூவை விட்டுவிட்டு நெம்பியதால்தான் மூடிகள் உடைகின்றன.

ஒரு பேப்பரில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுக்கும் ஸ்க்ரூவை அதே இடத்தில் செலோ டேப் போட்டு ஒட்டுங்கள். நீளங்கள் வேறு வேறு. குட்டை ஸ்க்ரூவின் இடத்தில் நீள ஸ்க்ரூவை முறுக்கினால் அது போர்டைக் குத்தும்.

மூடி கழன்றதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. பிறகு பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்து, மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடியவிடுங்கள். பேட்டரி மாட்டியிருக்கும்போது ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்தால் போர்டு போய்விடலாம்.

இப்போது முக்கியமான இடம். ஃபேனிலிருந்து வரும் காற்று, செம்புக் குழாயின் முனையில் உள்ள மெல்லிய தகடுகளுக்கு நடுவே வெளியேறுகிறது. தூசி சேர்வது ஃபேன் இறக்கையில் கொஞ்சம்தான். பெரும்பகுதி, ஃபேனுக்கும் அந்தத் தகடுகளுக்கும் இடையே ஒரு திரையாக நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. வெளியே இருந்து புளோயர் வைத்து ஊதினால், அந்தத் திரை பிய்ந்து திரும்ப ஃபேனுக்குள்ளேயே போகும். எனவே ஃபேனைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஃபேனைத் தூக்கி, அந்தத் திரையைக் கையாலோ பிரஷ்ஷாலோ முழுதாக எடுக்க வேண்டும்.

ஃபேனை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புளோயர் வேகத்தில் அது சுற்றினால் பேரிங் கெடும், இணைப்பில் இருந்தால் மின்சாரம் திரும்பிப் பாயவும் வாய்ப்புண்டு. எண்ணெய்ப் பசை இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். வீட்டு வேக்குவம் கிளீனரை போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம், நிலைமின்சாரம் உண்டாகும்.

ஃபேனைக் கையால் சுற்றிவிட்டால் தடையின்றிச் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். கரகரவென்று உரசினால் மாற்றிவிடுங்கள். ஃபேன் மேல் ஒட்டியிருக்கும் பார்ட் எண்ணைக் கொண்டே புதியதைக் கேளுங்கள். லேப்டாப் பெயரை மட்டும் சொன்னால் வேறு வந்துவிடும்.

டெஸ்க்டாப்பில் இந்த வேலை எளிது, ஆனால் இரண்டு விஷயம். இன்டெல் பிராசஸரோடு வரும் கூலர் நான்கு பிளாஸ்டிக் பின்களில் நிற்கிறது. வீடு மாற்றிய பிறகு திடீரென்று சூடானால், ஒரு பின் கழன்று கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். இன்னொன்று: மெஷினுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

## 11. தெர்மல் பேஸ்ட்

தூசி எடுத்ததும் பேட்டரியை மாட்டி, மூடி, நான்காவது பகுதியின் சோதனையை ஓட்டுங்கள். வெப்பம் 85, 90க்குள் நின்று வேகமும் தங்கினால் பேஸ்ட்டை (சிப்புக்கும் அதன் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே தடவியிருக்கும் பசையை) தொட வேண்டியதில்லை. இன்னும் 95க்கு மேலே நின்றால்தான் பேஸ்ட் காய்ந்துவிட்டது என்ற முடிவுக்கு வரலாம்.

சில கேமிங் லேப்டாப்களில் பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் இருக்கும். வெள்ளி நிறத்தில் திரவமாக ஓடும், மின்சாரத்தைக் கடத்தும், ஒரு துளி போர்டில் சிந்தினாலும் ஆபத்து. உங்கள் மாடலில் அது இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். இருந்தால் நீங்கள் திறக்காதீர்கள்.

ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று பொறித்திருப்பார்கள். மாட்டும்போது அந்த வரிசை, கழற்றும்போது தலைகீழ். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், ஹீட் சிங்க் சாய்ந்து சிப்பின் ஓரத்தை நொறுக்கிவிடும். லேப்டாப் சிப்பின் மேல் டெஸ்க்டாப்பில் இருப்பதுபோல உலோக மூடி கிடையாது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுங்கள்.

பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலால் துடைத்து, சிப் கண்ணாடி போலப் பளபளக்கும்வரை சுத்தம் செய்யுங்கள். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம். புதிய பேஸ்ட்டை சிப்பின் முழுப் பரப்பிலும் மெலிதாகப் பரப்புங்கள். அதிகம் போட்டால் அதிகம் குளிரும் என்ற எண்ணம் தவறு. பேஸ்ட்டின் வேலை, சிப், ஹீட் சிங்க் இரண்டின் பரப்புகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளியை நிரப்புவது மட்டுமே.

அக்கம்பக்கத்துச் சின்னச் சிப்களின் மேல் மெத்தென்ற பேட்கள் இருக்கும். அவை அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று குறிப்பிட்ட தடிமனில் வருபவை. கிழிந்தால் அதே தடிமனில் பேட் வாங்குங்கள். அங்கே பேஸ்ட் தடவினால் இடைவெளி நிரம்பாது, அந்தச் சிப் சத்தமில்லாமல் வேகும்.

பல வருடம் தொடாத மெஷினில் தூசியும் பேஸ்ட்டும் சேர்ந்து பத்துப் பதினைந்து டிகிரி இறக்குவது சாதாரணம்.

## 12. எல்லாம் செய்தும் சூடு என்றால்

மெலிதான சில மாடல்கள் வடிவமைப்பிலேயே சூடானவை. அவற்றுக்கு ஒரு வழி இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதில் பிராசஸரின் உச்ச நிலையை 100லிருந்து 99 ஆக்குங்கள். பல லேப்டாப்களில் டர்போ நின்றுவிடும், வெப்பம் சட்டென்று இறங்கும். எக்செல், பிரவுசர் வேலைக்கு வித்தியாசமே தெரியாது. வீடியோ எடிட்டிங்கில் தெரியும். சில புதிய மெஷின்களில் இந்தத் தேர்வு மறைக்கப்பட்டிருக்கும். அங்கே பவர் மோடைச் சிக்கனத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

## 13. ஃபார்மேட்

வெப்பம் சரி, டிஸ்க் சரி, ரேம் போதும், பின்னணியும் சுத்தம், அப்படியும் மெதுவாக இருந்தால் இப்போது ஃபார்மேட் செய்யலாம். முதல் நாளே செய்திருந்தால், எது காரணம் என்று கடைசிவரை தெரிந்திருக்காது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. திரும்பப் போடுவதானால் 11 போடுவதே நல்லது. ஆனால் அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். அதற்கு முந்தைய மெஷினில் தந்திரமாக 11ஐ நுழைப்பதைவிட, பிரவுசர் வேலை மட்டும்தான் என்றால், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான பதிப்பைப் போடச் சொல்வேன். டாலியும் எக்செலும் தினமும் வேண்டுமென்றால் அது சரிவராது.

## 14. கடையில் கொடுப்பதென்றால்

பத்தாவது பகுதியைப் படித்துவிட்டு, இது நமக்கு வேண்டாம் என்று தோன்றினால் அதில் தப்பில்லை. ஆனால் "ஸ்லோவா இருக்கு, பாருங்க" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், பெரும்பாலும் ஃபார்மேட் செய்துதான் வரும். நீங்கள் எழுதிய எண்களைக் காட்டுங்கள்: சும்மா இருக்கும்போது இவ்வளவு, வேலையில் இவ்வளவு, வேகம் இங்கே நிற்கிறது. ஃபேனைக் கழற்றித் தூசி எடுக்க வேண்டும், பேஸ்ட் மாற்ற வேண்டும், ஃபார்மேட் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். டிஸ்க் மாற்றினால் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஃபைல்கள் அதில் இருக்கின்றன. கூடுமானால் பக்கத்தில் உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள், வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே சினிபெஞ்ச்சைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, புதிய எண்ணைப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கடை ஏசியில் அளந்தது என்பதையும் கணக்கில் வையுங்கள். வீட்டில் சில டிகிரி கூடத்தான் இருக்கும்.